தரை தட்டுதுன்னு கார் மாத்தலாமா? வீல், கிளியரன்ஸ், எரிபொருள்: மூணும் ஒரே கணக்கு

(பேசியதைப் படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் கார் பத்தி. ஆனா எந்தக் கார் வாங்கலாம்னு சொல்லப் போறது இல்ல. கார் வச்சிருக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா நின்னா மூணு விஷயம் கண்டிப்பா வரும். "அலாய் எத்தனை இன்ச்?" "கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு?" "பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா?" இந்த மூணையும் தனித்தனி கேள்வியா நினைச்சுக்கிறோம். ஆனா ஒண்ணைத் தொட்டா மத்த ரெண்டும் அசையும். அதைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேர்ல உட்கார்ந்திருக்கிற லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தன். படிச்சது எங்கேயாவது உதவட்டுமே.

உதாரணத்துக்கு எங்க பெரியப்பா பையன், அண்ணனோட காரை எடுத்துக்கிறேன். அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் பேசுறேன். வேளச்சேரியில் வீடு, தரமணியில் ஆபீஸ். 2019 மாடல் ஸ்விஃப்ட், ரெண்டாவது கையா வாங்கினது. வீட்டுல அஞ்சு பேர். அவர் ஒரு நாள் போன் பண்ணி, "டேய் தம்பி, எஸ்யூவி புக் பண்ணப் போறேன்டா"ன்னார். காரணம் மூணு சொன்னார். ஒண்ணு, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுல கார் அடி தட்டுது. ரெண்டு, இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் 17-லிருந்து 14.5 ஆயிடுச்சு. மூணு, எஸ்யூவில பெரிய வீல் இருக்கு, கெத்தா இருக்கும்.

கையில் இருக்கிற பணம் போக 10 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, 7 வருஷம்னு வச்சா மாசம் 16,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. மொத்த வட்டி மட்டும் மூணரை லட்சம். அப்போ அந்த மூணு காரணமும் மூணரை லட்சம் தாங்குமான்னு பார்க்கணும் இல்லையா?

முதல்ல வீல்

டயர் பக்கவாட்டுல 185/65 ஆர்15-னு எழுதியிருக்கும். 185 என்பது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65 என்பது பக்கச் சுவரோட உயரம், ஆனா அது மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல 65 சதவீதம். அதாவது 120 மி.மீ. 15 என்பது ரிம் விட்டம், இன்ச்ல. ரிம் 381 மி.மீ., மேலயும் கீழயும் சுவர் ஒவ்வொரு 120. கூட்டினா டயரோட மொத்த உயரம் சுமார் 621 மி.மீ.

இந்த 621-தான் முக்கியமான எண். ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், கியர் எல்லாம் இந்த உயரத்தை நம்பித்தான் கணக்குப் போடுது.

இப்போ 16 இன்ச் அலாய் போடணும்னு ஆசை. 195/55 ஆர்16 போட்டா மொத்த உயரம் மறுபடியும் 621 மி.மீ. தான் வரும். ரிம் பெருசாச்சு, சுவர் குறைஞ்சது, மொத்தம் மாறல. இதுதான் சரியான முறை. இதே ஆள் கடையில "17 இன்ச் போட்டா கார் தூக்கிக் குடுக்கும் சார்"னு சொல்றதைக் கேட்டு 205/40 ஆர்17 போட்டா? மொத்தம் 596 மி.மீ. 25 மி.மீ. குறைஞ்சிடுச்சு. கார் தரையிலிருந்து இருக்கிற உயரத்துல அதுல பாதி, 13 மி.மீ., போச்சு. பெரிய ரிம் போட்டு கார் தாழ்ந்திருக்கு! ரிம் அளவு காரைத் தூக்காது, டயரோட மொத்த உயரம்தான் தூக்கும். அதுகூட, சுவர் 82 மி.மீ. ஆயிடுச்சு. நம்ம ஊர்ப் பள்ளத்துல இறங்கினா ரிம்முக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல மெத்தையா இருக்கிறது அந்தச் சுவர்தான். அது மெலிஞ்சா ரிம் வளையும், டயர்ல பக்கவாட்டுல புடைப்பு வரும். புடைச்ச டயர் எப்போ வெடிக்கும்னு யாரும் சொல்ல முடியாது.

அளவு மட்டும் பார்த்தாப் போதாது. இன்னும் மூணு எண் இருக்கு.

ஒண்ணு பிசிடி. எத்தனை போல்ட், அது எந்த வட்டத்துல இருக்குங்கிறது. ஸ்விஃப்ட்டுக்கு 4 × 100. பழைய ஃபியட் பாலியோவுக்கு 4 × 98. ரெண்டு மில்லிமீட்டர்தானே, முடுக்கினா உட்கார்ந்துடும்னு தோணும். உட்காரும், ஆனா நட்டு நேரா அமராது. ஓட ஓட லூஸ் ஆகும். இதுல "கிட்டத்தட்ட"ங்கிற வார்த்தைக்கு இடமே கிடையாது.

ரெண்டாவது நடு ஓட்டை, சென்டர் போர். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. வெளியில கிடைக்கிற அலாய்ல பெரும்பாலும் ஓட்டை பெருசா இருக்கும், எல்லாக் காருக்கும் போகணுமே. நடுவுல இருக்கிற இடைவெளியை ஒரு ரிங் போட்டு நிரப்பணும். அதை விட்டுட்டா 80, 90 வேகத்துல ஸ்டீயரிங் நடுங்கும். நாம போய் நாலு தடவை பேலன்சிங் பண்ணிட்டு வருவோம், சரியாகாது.

மூணாவது ஆஃப்செட். வீல் ஃபெண்டருக்குள்ள எவ்வளவு உள்ள இருக்கும், எவ்வளவு வெளிய வரும்னு தீர்மானிக்கிற எண். 6 இன்ச் அகல ரிம், ஆஃப்செட் 45-லிருந்து, 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35-க்குப் போனா, வெளிப்பக்கம் சுமார் 23 மி.மீ. தள்ளி வரும். பார்க்க அகலமா, நல்லாத்தான் இருக்கும். ஆனா அஞ்சு பேர் ஏறி ஒரு பள்ளத்துல இறங்கும்போது ஃபெண்டர் ஓரம் டயரை உரசும். வீல் பேரிங் மேல சுமையும் கூடும்.

அப்புறம் சுமை எண். டயர்ல 88-னு இருந்தா ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82-ன்னா 475 கிலோ. கம்பெனி குடுத்ததைவிடக் குறைவான எண்ணுக்குப் போகவே கூடாது. அழகுக்கு டயர் மாத்துறப்போ யாரும் கேட்காத எண் இதுதான்.

அடுத்தது கிளியரன்ஸ்

ஸ்விஃப்ட்டுக்கு கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. காம்பாக்ட் எஸ்யூவிகள்ல 190, 200-ன்னு வரும். நெக்ஸான்ல 208. பிரோஷர்ல பார்த்தா பெரிய வித்தியாசம்தான்.

ஆனா ஒரு கணக்கு சொல்றேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஸ்பீட் பிரேக்கருக்கு ஒரு அளவு வச்சிருக்கு. 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டத்தோட துண்டு மாதிரி. ஸ்விஃப்ட்டோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.45 மீட்டர். அந்த மேடு இதைவிட நீளம். அதனால கார் அதுமேல முழுசா ஏறி நிக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல அந்த மேடு எவ்வளவு துருத்தும்னு கணக்குப் போட்டா 44 மி.மீ. தான். 163-ல 44. அஞ்சு பேர் ஏறினாலும் தட்டவே தட்டாது.

அப்போ தினமும் நம்ம கார் எதுல தட்டுது? நீளமே இல்லாம, உயரமா, கூர்மையா, தெரு முனையில ராத்திரியோட ராத்திரியா எழும்புற மேட்டுல. அது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல முழு உயரத்தோட நிக்கும். உங்க கார்ல குறை இருக்குன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி அந்த மேட்டை ஒரு தடவை டேப் வச்சு அளந்து பாருங்க. மாநகராட்சிக்குப் புகார் குடுக்கும்போது அந்த அளவையும் போட்டோவையும் சேர்த்துக் குடுங்க. "மேடு பெருசா இருக்கு"ன்னு சொல்றதைவிட "அளவு இது, இருக்க வேண்டியது இது"ன்னு எழுதினா பதில் சொல்றவங்களுக்கும் தட்டிக் கழிக்கிறது கஷ்டம்.

சரி, அண்ணன் அபார்ட்மென்ட் சரிவு. ஒரு ஞாயித்துக்கிழமை டேப்போட போய் நின்னோம். வாட்ச்மேன் ஏதோ ஆபீசர்ங்க வந்திருக்காங்கன்னு நினைச்சுட்டார். அந்தச் சரிவு அஞ்சு அடிக்கு ஒரு அடி இறங்குது. கோணம் 11 டிகிரிக்கு மேல. காருக்குன்னு ஒரு கோணம் இருக்கு, நடுவயிறு தட்டாம தாண்டுற கோணம். வீல்பேஸும் கிளியரன்ஸும் தெரிஞ்சா போட்டுடலாம். ஸ்விஃப்ட்டுக்கு 15 டிகிரி. அப்போ தட்டக் கூடாதே?

காலி கார் தட்டல. அஞ்சு பேர் ஏறி அளந்தோம். நடுவுல 40 மி.மீ. இறங்கிடுச்சு. மறுபடி கணக்குப் போட்டா கோணம் 11.5 டிகிரி. சரிவும் கிட்டத்தட்ட அதே. கொஞ்சம் வேகமா இறங்கி கார் ஒரு குதி குதிச்சா, தட்டும். ஆறேழு வருஷக் கார்ல பின்னாடி ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தா அந்தக் குதி இன்னும் பெருசு. அவரோடது தளர்ந்துதான் இருந்துச்சு. காரோட மூலையை ஒரு அழுத்து அழுத்தி விட்டா ஒரு தடவைல அடங்கணும், அது மூணு தடவை ஆடுச்சு.

அதனால இதுக்கு வழி ரெண்டு. பின் ஷாக் அப்சார்பர் மாத்துறது. சரிவோட உச்சியில, அந்த முனையைக் கொத்தி, சிமென்ட் போட்டு வளைவா ஆக்குறது. அசோசியேஷன் மீட்டிங்ல பேசினா அது ஒரு கொத்தனாரோட ரெண்டு நாள் வேலை. கட்டடத்துல இருக்கிற எல்லாக் காருக்கும் பிரச்சினை தீரும்.

இதுக்கு நடுவுல யாராவது "ஸ்பிரிங்ல ஸ்பேசர் போட்டுத் தூக்கிடலாம்"னு சொன்னா யோசிங்க. கார் உயர்ந்தா அதோட எடை மையமும் உயரும், வளைவுல சாயும். வீல் கோணங்கள் மாறும், டயர் ஒருபக்கமா தேயும். இன்னொண்ணு, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. விபத்துன்னு வந்து கிளெய்ம் போடும்போது இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல பார்க்கிறது இந்த மாதிரி மாத்தங்களைத்தான்.

ஆனா கிளியரன்ஸ் நிஜமாவே தேவைப்படுற இடம் இல்லையான்னா, இருக்கு. கிராமத்து மண் ரோடு, தோட்டத்துப் பாதை, வேலை நடக்கிற சைட். சென்னைக்காரங்க உடனே "வெள்ளம்?"னு கேப்பீங்க. 2015-ஐயும் 2023 மிக்ஜாமையும் பார்த்தவங்க கேக்கத்தான் செய்வீங்க. இங்க ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். கிளியரன்ஸ் வேற, தண்ணியில போகிற ஆழம் வேற. இன்ஜின் காத்து இழுக்கிற வாய் எங்க இருக்குங்கிறதுதான் அதைத் தீர்மானிக்குது. உயரமான வண்டின்னு நம்பி உள்ள விட்டு, முன்னாடி போற பஸ் ஒரு அலை அடிச்சு, அந்த வாய்ல தண்ணி போனா இன்ஜின் போச்சு. தண்ணியில நின்ன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பண்ணி இன்ஜின் போனா சாதாரண பாலிசியில பெரும்பாலும் பணம் வராது, இன்ஜின் புரொடெக்‌ஷன்னு தனியா ஒரு கவர் எடுத்திருக்கணும். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தினாங்களே, அப்போ சிரிச்சவங்க நிறைய. எனக்கு அதுதான் சரியான இன்ஜினியரிங் தீர்வா பட்டுச்சு. எந்த எஸ்யூவிக்கும் அந்தப் பாலம் அளவுக்குக் கிளியரன்ஸ் கிடையாது.

எரிபொருள்

அண்ணனோட ரெண்டாவது காரணம், இ20. இதுல அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. எத்தனால்ல ஒரு லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்ததிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனா சக்தி மட்டும் மூணரை சதவீதம் குறையும். பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம்னு நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கு. சக்தி குறைஞ்சதுக்கு ஏத்த மாதிரி பங்க்ல விலை குறையல. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனா அவர் மைலேஜ் 17-லிருந்து 14.5. அது கிட்டத்தட்ட 15 சதவீதம். மோசமா 7 சதவீதம்னே வச்சுக்குவோம். 17, 15.8 ஆகும். மீதி எங்க போச்சு?

கீழ குனிஞ்சு டயரைப் பார்த்தோம். 195/65 ஆர்15. முன்னாடி வச்சிருந்த ஓனர் போட்ட 185 தேஞ்சுபோய், அண்ணன் போன வருஷம் டயர் மாத்தினப்போ கடைக்காரர் "ஒரு சைஸ் ஏத்திப் போடுங்க, ஹைட் கிடைக்கும்"னு போட்டுவிட்டது. கிடைச்ச ஹைட் ஆறரை மி.மீ. ஒரு சின்ன விரலோட தடிமன்கூட இல்ல. ஆனா டயரோட சுற்றளவு 2 சதவீதம் கூடிடுச்சு. அதனால ஓடோமீட்டர் 100 கிலோமீட்டர்னு காட்டும்போது வண்டி 102 ஓடியிருக்கு. அதாவது மைலேஜ் உண்மையிலேயே குறையாமலே, கணக்குல 2 சதவீதம் குறைஞ்சு தெரியும். இப்போ 15.5 வந்துடுச்சு. மீதி ஒரு கிலோமீட்டர்? நாலு டயர்லயும் காத்து 24 பிஎஸ்ஐ. டிரைவர் கதவைத் திறந்தா இருக்கிற ஸ்டிக்கர்ல சொன்னதைவிட ரொம்பக் குறைவு. ஏர் ஃபில்டரும் கறுத்துப் போயிருந்துச்சு.

பாதிக்கு இ20, மீதிக்கு டயர், காத்து, ஃபில்டர். மைலேஜ் குறைஞ்சா முதல்ல டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி அதே பங்க்ல ஃபுல் பண்ணி அளந்து பாருங்க. உங்க கார் இ20-க்கு ஏத்ததான்னு பெட்ரோல் மூடியிலயோ மேனுவல்லயோ பாருங்க. பழைய கார்னா சர்வீஸ் போகும்போது எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்க.

புதுசா வாங்கினா டீசலா, சிஎன்ஜியா? ஒரு தோராயக் கணக்கு. பெட்ரோல் 101, டீசல் 92-ன்னு வச்சுக்குவோம். சிட்டியில பெட்ரோல் எஸ்யூவி 14, டீசல் 18 குடுத்தா கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் குடுத்திருந்தா அதை எடுக்க 71,000 கிலோமீட்டர் ஓடணும். அண்ணன் வருஷத்துக்கு 11,000 ஓட்டுறார். ஆறரை வருஷம். அதோட, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் கார்கள்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு. அது தன்னைத்தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்க, நல்ல வேகத்துல விடாம கொஞ்ச நேரம் ஓடணும். வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு அந்த வேகம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கிடைக்கும்.

சிஎன்ஜி கணக்கு இன்னும் நல்லா வரும். கிலோ 90 ரூபாய், 23 கிலோமீட்டர் குடுக்குதுன்னா, 16 குடுக்கிற பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் நாப்பது பைசா மிச்சம். 95,000 ரூபாய் வித்தியாசம் 40,000 கிலோமீட்டர்ல வந்துடும். ஆனா சிலிண்டர் எடை, பின்னாடி ஒரு பெரிய ஆள் நிரந்தரமா உட்கார்ந்திருக்கிற மாதிரி. பின்பக்கம் தாழும். அதே சரிவு, அதே கோணம், ஞாபகம் இருக்கா? டிக்கி இடமும் குறையும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டரைச் சோதிச்சுச் சான்றிதழ் வாங்கணும்.

கேட்க வேண்டிய கேள்வி

இதெல்லாம் போட்டு முடிச்சதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "எல்லாம் சரிடா. அம்மாவால அந்த சீட்லேர்ந்து எழுந்திருக்க முடியலடா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் தூக்கணும். அவங்க கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க."

அவரோட நிஜமான காரணம் அதுதான். ஆனா அவர் அதைச் சொல்லாம கிளியரன்ஸ், மைலேஜ், வீல்னு பேசிட்டு இருந்தார். ஏன்னா அதுக்கெல்லாம் பிரோஷர்ல எண் இருக்கு. பெரியம்மா முட்டிக்கு எண் இல்ல. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம்ங்கிறதை பெரும்பாலான பிரோஷர்ல போடறதே இல்ல.

அடுத்த வாரம் பெரியம்மாவையே கூட்டிட்டு ஷோரூம் போனோம். அண்ணன் புக் பண்ண இருந்த வண்டியில ஏறவே அவங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ரொம்ப உயரம். "இதுக்கு ஏணி குடுப்பாங்களாப்பா?"ன்னு சேல்ஸ் பையனைக் கேட்டாங்க. உயரமான கூரை வச்ச ஒரு சின்னக் கார்ல, இடுப்பு மட்டத்துல சீட். உட்கார்ந்தாங்க, தானாவே எழுந்தாங்க. அதுல கிளியரன்ஸ் ஸ்விஃப்ட்டை ஒட்டித்தான். விலை எஸ்யூவியைவிட லட்சக்கணக்குல குறைவு. அண்ணன் இன்னும் முடிவு பண்ணல. ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு, காத்து அடிச்சாச்சு, சரிவு விஷயம் அசோசியேஷன்ல இன்னும் பேச்சுவார்த்தையில இருக்கு. ஆனா அவர் இப்போ ஷோரூம்ல கேக்கிற முதல் கேள்வி வேற.

அலாய் ஆசையா இருக்கா, தாராளமா போடுங்க. அழகுக்குப் போடுறதுல தப்பே இல்ல. அழகுக்குன்னு சொல்லிப் போடுங்க, சரியான உயரத்துல, சரியான பிசிடி, ஆஃப்செட், சுமை எண்ணோட போடுங்க, இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க.

கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை. கீழ இறங்கிப் போய் உங்க கார் டயர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, கதவு ஸ்டிக்கர்ல என்ன இருக்குன்னு பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகுதான்னு எனக்கு எழுதுங்க. டயர் செஞ்ச தேதியும் பக்கவாட்டுல நாலு எண்ணா இருக்கும்: 2321-ன்னா 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். எலக்ட்ரிக் கார் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அது தனி எபிசோடா வருது. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. பார்த்து ஓட்டுங்க.